மே மாதக் குறிப்பு: நான் கேட்ட படங்களும் பார்த்த ஒரு படமும்

தீவுச்செவிலி | மே 31, இரவு 10.45

மாசக் கடைசி நாள். எல்லாரும் மொட்டை மாடியில படுத்தாச்சு, கச்சான் காத்து இன்னைக்குத்தான் நல்லா வீசுது. ஏப்ரல் குறிப்பு எழுத முடியலை, அதனால ரெண்டு மாசத்துக்கும் சேர்த்து எழுதுறேன்.

புதுசா வந்தவங்களுக்கு: ராமேஸ்வரம் தீவுல இருக்கோம். நான் கிராம சுகாதார செவிலியர். வீட்டுக்காரர் விசைப்படகுல போறவர். பெரியவ எட்டாவது போகப்போறா, சின்னவன் மூணாவது. மாமியார் கூட இருக்காங்க.

ஏப்ரல் 15-லேர்ந்து தடைக்காலம். ஜூன் 14 வரைக்கும் 61 நாள் விசைப்படகு கடலுக்குப் போகாது. அவர் கரையில இருக்கார், எனக்கு எப்பவும் போல வேலை. புதன்கிழமை தடுப்பூசி, மத்த நாள் வீடு வீடாப் போறது, ராத்திரி போன்ல பிக்மி பதிவு (கர்ப்பிணிங்க, குழந்தைங்க விவரம்) ஏத்துறது. இந்த ரெண்டு மாசமும் நான் போற வீடுகள்ல எல்லாரும் கேட்கிற முதல் கேள்வி, "முத்துலட்சுமி ரெட்டி பணம் ஏறிடுச்சா அக்கா?" வருமானம் நின்ன வீட்டுல, கர்ப்பிணிகளுக்கு அரசாங்கம் குடுக்கிற அந்தப் பேறுகால உதவி 18,000 ரூபாயில வர்ற ஒரு தவணை எவ்வளவு பெருசுன்னு எனக்குத் தெரியும். எங்க வீடும் அதே கரையிலதானே இருக்கு.

நான் சொல்ல வந்தது வேற. மே 18, ஞாயித்துக்கிழமை, நான் ஒரு படம் பார்த்தேன். பேர் போடுறதுலேர்ந்து கடைசி வரைக்கும், ஒரு தடவை கூட எழுந்திரிக்காம.

கல்யாணமாகி பதினாலு வருஷம். எங்க வீட்டு டிவியில எத்தனையோ படம் ஓடியிருக்கு. நான் அதையெல்லாம் பார்த்ததில்லை, கேட்டிருக்கேன். ஹாலுக்கும் அடுப்படிக்கும் நடுவுல ஒரு சுவர். பாட்டு வந்தா தெரியும், சண்டை வந்தா தெரியும், சின்னவன் சிரிச்சா அங்க நகைச்சுவைக் காட்சின்னு தெரியும். சீரியல்ல யார் கெட்டவன்னு பின்னணி இசையை வச்சே சொல்லிடுவேன். முக்கியமான வசனத்துல மிக்சி ஓடும். அப்புறம் பெரியவ வந்து கதை சொல்லுவா. இப்படித்தான் ஓடிச்சு, நானும் இதைக் குறையா நினைச்சதில்லை.

அந்த ஞாயித்துக்கிழமை மீனைக் கழுவிட்டு இருந்தேன். நாட்டுப்படகுல வந்த நகரை, தடைக்காலத்துல அதுக்கு விலை எப்படின்னு உங்களுக்குத் தெரியும். அவர் வந்து சட்டியை வாங்கிட்டு, "நீ போய் உட்காரு"ன்னார். படகுல அவருதான் சமையல். கடல்ல குழம்பு வைக்கிறவர் வீட்டுல அடுப்படிப் பக்கம் வந்ததில்லை, நானும் கேட்டதில்லை. மாமியார் முகம் மாறுச்சு. கொஞ்ச நேரம் பேசாம இருந்தாங்க, அப்புறம் சின்ன வெங்காயக் கூடையை எடுத்துக்கிட்டு மகன் பக்கத்துல போய் உட்கார்ந்துட்டாங்க.

படத்தோட பேரைச் சொல்லலை. சொன்னா இழை முழுக்க அந்த நடிகரைப் பத்தியே போயிடும். ஆனா அது நான் ஏற்கெனவே மூணு தடவை கேட்ட படம். கதை மொத்தமும் தெரியும்னு நினைச்சுத்தான் உட்கார்ந்தேன். ரெண்டாம் பாதியில, மகன் போயிட்டான்னு தெரிஞ்ச பிறகு அந்த அம்மா ஒரு வார்த்தை பேசாம காயப்போட்ட துணியை எடுத்து மடிச்சு வைக்கிறாங்க. மகனோட சட்டை வரும்போது கை நிக்குது. அப்புறம் அதையும் மடிக்கிறாங்க. இசை கூட இல்லை.

அடுப்படியில இருந்து கேட்டப்ப அந்த இடத்துல கரண்ட் போயிடுச்சுன்னு நினைச்சிருக்கேன். "என்ன, நிறுத்திட்டீங்களா?"ன்னு குரல் கொடுத்தது கூட ஞாபகம் இருக்கு. மூணு தடவையும் அந்தக் காட்சி எனக்கு இல்லாமலே போயிருக்கு. சத்தம் இல்லாத எதையும் நான் இத்தனை வருஷத்துல பார்த்ததே இல்லைங்கிறது அப்பத்தான் உறைச்சுது. அழுதேன். படத்துக்குத்தான் அழுதேன்னு பிள்ளைங்க நினைச்சாங்க.

இந்த மாசம் பிடிச்ச மத்தது: காலையில கடல் ஓசை 90.4 ரேடியோ. பாம்பன்லேர்ந்து வருது, 2016-லேர்ந்து நடத்துறாங்க. காத்து எப்படி, அலை எப்படின்னு சொல்லிட்டுப் பாட்டு போடுறாங்க. மாமியாரோட பல்லாங்குழி. சின்னவன் அப்பாகிட்ட வலை முடிச்சுப் போடக் கத்துக்கிட்டது. நுங்கு.

கேள்வி ஒண்ணுதான். நீங்க கடைசியா எப்ப ஒரு படத்தை எழுந்திரிக்காம பார்த்தீங்க?

புதுக்குடித்தனம் | மே 31, இரவு 11.20

கல்யாணத்துக்கு முந்தின மாசம், அக்கா. கணக்குப் போட்டுப் பார்த்தா ஏழு மாசம் ஆச்சு. இதை எழுதுற வரைக்கும் நான் கவனிக்கவே இல்லை.

கீழக்கரை_பேத்தி | ஜூன் 1, காலை 6.10

அக்கா, சுபுஹு தொழுதுட்டு இதைப் படிச்சேன். துணி மடிக்கிற இடத்துல நானும் கொஞ்ச நேரம் அப்படியே இருந்துட்டேன்.

எங்க வீட்டுக் கதை வேற மாதிரி. நான் ஒரு பள்ளிக்கூடத்துல கணக்குப் பார்க்கிறேன். எங்க வீட்டுக்காரங்க துபாய்ல. நாங்க படம் சேர்ந்துதான் பார்க்கிறோம், ஆனா ரெண்டு கரையில இருந்து. முன்னாடி அங்க வெள்ளிக்கிழமை லீவு, எனக்கு ஞாயித்துக்கிழமை. ஒருத்தர் சும்மா இருக்கிறப்ப இன்னொருத்தர் வேலையில இருப்போம். 2022 ஜனவரியில அங்க வார விடுமுறை சனி, ஞாயிறுன்னு மாறினப்ப, அவங்க கம்பெனியும் மாத்திட்டாங்க. அரசாங்கம் யாருக்காக மாத்துச்சோ தெரியாது, எனக்கு அது என் வீட்டுக்காக மாத்தின மாதிரித்தான் இருந்துச்சு.

ஞாயிறு ராத்திரி இங்க எட்டு மணி, அங்க ஆறரை. போனை டிவி பக்கத்துல சாத்தி வச்சிட்டு ரெண்டு பேரும் ஒரே நேரத்துல போடுவோம். "ஒண்ணு, ரெண்டு, மூணு"ன்னு மகதான் எண்ணுவா. ஆனாலும் அவங்க பக்கம் கொஞ்சம் பிந்தித்தான் வரும். இங்க சிரிச்சு முடிச்ச பிறகு போன்லேர்ந்து வாப்பா சிரிப்பு கேட்கும். இப்ப பிள்ளைங்க என்ன பண்றாங்க தெரியுமா, சிரிப்புக் காட்சி முடிஞ்சதும் டிவியை விட்டுட்டு போனைப் பார்க்கிறாங்க. வாப்பா சிரிச்ச பிறகுதான் அடுத்த காட்சிக்குத் திரும்புறாங்க.

இதுல நான் உட்கார்ந்து பார்க்க முடியுதுன்னா, அதுக்குக் காரணம் உம்மா. ராத்திரிச் சாப்பாட்டை மஃரிபு தொழுகைக்கு முன்னாடியே முடிச்சு வச்சிடுவாங்க. அப்ப எனக்குக் கிடைச்ச அந்த ரெண்டரை மணி நேரம் உம்மாகிட்டேர்ந்து வந்ததுதானே? உங்க இழையைப் படிச்ச பிறகு அது மனசுல கிடந்து உறுத்துது. உம்மா எப்ப உட்கார்ந்தாங்க?

மண்டபம் டிரைவர் | ஜூன் 1, காலை 9.30

நான் பதினெட்டு வருஷமா படகு ஓட்டுறேன். இங்க ஆம்பளைங்க அதிகம் எழுதுறதில்லை, இருந்தாலும் எழுதணும்னு தோணுச்சு.

படகுல நாங்க வைக்கிற குழம்பு வேற ருசி. புளி, முண்டு மிளகாய், வெங்காயம், அவ்வளவுதான், தேங்காய் கிடையாது. மீன் துடிக்கத் துடிக்க சட்டிக்குப் போகும். அந்தக் குழம்பை என் வீட்டம்மா இதுவரைக்கும் சாப்பிட்டதில்லைங்கிறது நேத்து உங்க பதிவைப் படிச்சப்பத்தான் நினைப்பு வந்துச்சு.

ஆனா ஒரு விஷயம். தடைக்காலம்னா நாங்க ஓய்வா இருக்கோம்னு வெளியில நினைக்கிறாங்க. அப்படி இல்லை. படகைக் கரையேத்தி அடிப்பலகை சுரண்டி, பழுது பார்த்து, வர்ணம் அடிச்சு, எஞ்சினைப் பிரிச்சுப் பூட்டி, வலையெல்லாம் பிரிச்சுத் தச்சு முடிக்கணும். அரசாங்கம் குடுக்கிற நிவாரணம் 8,000 ரூபாய். முன்னாடி 5,000 இருந்துச்சு, 2023-ல நம்ம மண்டபத்துல நடந்த மாநாட்டுலதான் கூட்டித் தர்றதா முதலமைச்சர் அறிவிச்சார். அது அரிசிக்கும் பருப்புக்கும் ஆகும், வாங்கின கடனுக்கு ஆகாது. சாயங்காலம் வீட்டுக்கு வந்தா மனசு ஒரு இடத்துல நிக்காது. டிவியைப் போட்டுட்டு உட்கார்ந்திருவேன். என்ன ஓடுதுன்னு கவனிக்கக்கூட மாட்டேன். நான் பார்க்காத படத்துக்கு என் வீட்டம்மா அடுப்படியில இருந்து காது குடுத்துக்கிட்டு இருந்திருக்கா. இதை நேத்து ராத்திரி கேட்டேன். "ஆமா, இப்பத்தான் தெரியுதா?"ன்னா.

டிவியை அடுப்படி வாசலுக்கு நேரா திருப்பி வச்சா என்னன்னு யோசிக்கிறேன்.

பாசிக்காரி மகள் | ஜூன் 1, மதியம் 1.15

டிரைவர் அண்ணே, திருப்பாதீங்க. திருப்பினா அவங்க ஆக்கிக்கிட்டே பார்க்கணும், பார்த்துக்கிட்டே ஆக்கணும். வேலை குறையாது, கை வேணா சுடும்.

அக்கா, உங்க பதிவு எனக்குப் பிடிச்சுது. ஆனா எனக்கு ஒரு சங்கடம் இருக்கு, அதைச் சொல்லாம போக முடியலை.

எங்கம்மா பாம்பன்ல கடல்பாசி எடுக்கிறவங்க. அமாவாசையை ஒட்டி ஆறு நாள், பௌர்ணமியை ஒட்டி ஆறு நாள். விரலெல்லாம் துணி சுத்தி, கண்ணாடி மாட்டி, வல்லத்துல போய் முங்கி மரிக்கொழுந்துப் பாசி எடுப்பாங்க. பாறையில உரசி நகக்கண்ணு கிழிஞ்சு, அந்தக் கையோட வந்து சோறு பொங்குவாங்க. 1986-ல தேசியப் பூங்கான்னு மன்னார் வளைகுடாத் தீவுகளை அறிவிச்ச பிறகு, அவங்க சின்ன வயசுல போய் வந்த இடத்துக்கே பயந்து பயந்து போகவேண்டியதாச்சு. இது ஒரு பக்கம்.

இந்த வீட்டுல நான் வளர்ந்தேன். எங்களுக்குப் பொழுதுபோக்குன்னு தனியா ஒண்ணு இருந்ததே இல்லை. அம்மா சந்தோஷமா இருந்த இடம் எதுன்னு கேட்டா, வல்லம்தான். பத்து, பன்னெண்டு பொம்பளைங்க ஒண்ணாப் போறப்ப பாட்டு, கேலி, யார் வீட்டுல என்ன குழம்புங்கிறது, எல்லாம் அங்கதான். வீட்டுல வந்து டிவி முன்னாடி உட்கார்ந்தா ஐந்து நிமிஷத்துல கண்ணு சொக்கிடும். நாங்க "அம்மா தூங்குது, சத்தத்தைக் குறை"ன்னு சொல்லுவோம். இல்லை, சில நாள் சொல்லாம விட்டிருக்கோம். அது இப்ப வலிக்குது.

அதனால நான் கேட்கிறது இதுதான். முழுப்படம் பார்க்கிறதுதான் நமக்கு வேணுமா? இல்லை, யாரும் கூப்பிடாத ரெண்டு மணி நேரம் வேணுமா? அதுல படம் பார்க்கலாம், தூங்கலாம், சும்மா கடலைப் பார்த்துக்கிட்டு உட்காரலாம். படம்னு சொன்னா வீட்டுல "சரி, பார்த்துட்டு வா"ன்னு விடுவாங்க. சும்மா இருக்கேன்னு சொன்னா விடுவாங்களா?

இன்னொண்ணும் இருக்கு. உங்க பெரியவளுக்குப் பதிமூணு வயசு இருக்குமா? ஜூன் 14-க்கு அப்புறம் அண்ணன் கடலுக்குப் போயிட்டா, அந்த ஞாயித்துக்கிழமைச் சட்டி யார் கைக்குப் போகும்? அதை இப்பவே முடிவு பண்ணுங்க.

முகவை வாத்தியார் | ஜூன் 1, மாலை 5.00

நல்ல இழை. நான் அரசுப் பள்ளித் தமிழாசிரியன். என் மனைவியும் ஆசிரியை. இருவரும் ஒரே நேரத்தில் வீடு திரும்புகிறோம், ஆனால் அவர் அடுப்படிக்கும் நான் நாளிதழுக்கும் போவது வழக்கமாக இருந்தது. சில ஆண்டுகளுக்கு முன் அதை மாற்ற நினைத்து, அவர் சமைக்கும்போது பக்கத்தில் முக்காலி போட்டு அமர்ந்து கதைகளை உரக்க வாசிக்கத் தொடங்கினேன். இப்போது அது எங்கள் வீட்டின் மாலை நேரப் பழக்கம். திரையைவிட வாசிப்பு அடுப்படிக்குப் பொருத்தமானது என்பது என் எண்ணம்.

பேசாத தாயின் காட்சியைப் பற்றிப் படித்தபோது, நம் ராமேஸ்வரத்துக் கலாம் ஐயா தம் தாயைப் பற்றிச் சொன்னது நினைவுக்கு வந்தது. போர்க்காலத்துப் பங்கீட்டு நாட்களில் ஓர் இரவு தாய் சுட்டுப் போட்ட ரொட்டிகளை அவர் கணக்கின்றித் தின்றுவிட்டார். தாயிடம் மறுக்கும் வழக்கம் இல்லை. தாய்க்கு மிச்சம் ஒன்றும் இல்லை என்பதைப் பிறகு அண்ணன் தனியே அழைத்துச் சொல்லித்தான் அவருக்குத் தெரிந்தது. வகுப்பில் இதைச் சொல்லும்போதெல்லாம் பிள்ளைகள் ஒரு கணம் அமைதியாகிவிடுவார்கள்.

பாசிக்காரி மகள் | ஜூன் 1, மாலை 5.40

சார், வணக்கம். நீங்க வாசிக்கிறது நல்ல விஷயம், மனசார சொல்றேன். ஒரு நாள் மட்டும் நீங்க ஆக்குங்க, டீச்சர் வாசிக்கட்டும்.

தொண்டிக்காரி | ஜூன் 2, காலை 10.20

எனக்கு அறுபத்தெட்டு வயது. தொலைபேசித் துறையில் வேலை பார்த்து ஓய்வு பெற்றேன், இப்போது சென்னையில் மகள் வீட்டில் இருக்கிறேன். ஆனாலும் பிறந்தது தொண்டி. இரண்டு நாளாக இந்த இழையைத் திரும்பத் திரும்பப் படிக்கிறேன்.

எங்கள் வீட்டில் டிவி வருவதற்கு முன் வானொலி இருந்தது. தொண்டியில் சென்னை வானொலியைவிட இலங்கை வானொலி தெளிவாகக் கேட்கும். கடலுக்கு அந்தப் பக்கத்திலிருந்து காற்றோடு வருவது போலவே இருக்கும். காலையில் பொங்கும் பூம்புனல். கே.எஸ். ராஜாவின் குரல், ராஜேஸ்வரி சண்முகத்தின் குரல், பி.எச். அப்துல் ஹமீது நடத்திய பாட்டுக்குப் பாட்டு. பாட்டுக்குப் பாட்டு தொடங்கினால் என் அம்மா அடுப்படியில் இருந்தபடியே முந்திக்கொண்டு பாடிவிடுவாள். அப்பா திண்ணையில் இருந்து தோற்றுப்போவார். கருவாட்டுக்கு உப்புப் போட்டுக்கொண்டிருக்கும் பக்கத்து வீட்டு அக்காவும் சுவருக்கு அப்பாலிருந்து பாடுவாள்.

வானொலிக்கு முன்வரிசை, பின்வரிசை கிடையாது, பாருங்கள். அப்பாவுக்குக் கிடைத்தது முழுவதும் அம்மாவுக்கும் கிடைத்தது. ஒரு சொல் குறையவில்லை.

1982-இல் இலங்கையில் ரூபவாஹினி தொடங்கினார்கள். ஓரிரு வருடத்தில் எங்கள் தெருவில் ஒரு வீட்டில் பெட்டி வந்தது. நம்மூர் ஒளிபரப்பு எட்டாத காலம், நீளமான குழாயில் ஆன்டெனாவைக் கட்டி கிழக்கே பார்த்துத் திருப்பினால் படம் தெரியும். ஒருவர் மாடியில் நின்று திருப்புவார், கீழே இருப்பவர்கள் "தெரியுது, தெரியுது, விடாதே" என்று கத்துவார்கள். பிறகு எங்கள் வீட்டிலும் வாங்கினோம். எல்லோருக்கும் ஆனந்தம். அந்த நாளிலிருந்து வானொலி பரணுக்குப் போயிற்று.

செவிலி, நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் எனக்குப் புரிகிறது. டிவி வந்த பிறகு அம்மா பாடுவதை நிறுத்திவிட்டாள். வயதாகிவிட்டது, அதனால் பாடவில்லை என்று நாற்பது வருடமாக நினைத்துக்கொண்டிருந்தேன். அப்போது அவளுக்கு வயது நாற்பத்தைந்துகூட இருக்காது. எங்கள் எல்லோருடைய முகமும் பெட்டிப் பக்கம் திரும்பிவிட்டது. அவளுக்குப் பாதிதான் கிடைத்தது. அம்மா இப்போது இல்லை.

கீழக்கரை_பேத்தி | ஜூன் 2, மதியம் 2.05

தொண்டி மாமி, உங்க பதிவை உம்மாவுக்கு வாசிச்சுக் காட்டினேன். பாட்டுக்குப் பாட்டு பேரைச் சொன்னதும் அவங்க முகமே மாறிடுச்சு. "தொதல் கிண்டுற அன்னைக்கெல்லாம் அதைத்தான் போட்டு வைப்போம்"னாங்க. தொதல் தெரியுமில்லையா, தேங்காய்ப் பாலும் அரிசி மாவும் சர்க்கரையும் சேர்த்து மணிக்கணக்கா கிண்டணும், கையை எடுத்தா அடி பிடிச்சிடும். நாலஞ்சு பொம்பளைங்க மாத்தி மாத்தி துடுப்பு பிடிப்பாங்களாம், ரேடியோ நடு முற்றத்துல இருக்குமாம்.

நேத்து ஞாயித்துக்கிழமை நான் ராத்திரிச் சாப்பாட்டுக்குப் புரோட்டா வாங்கிட்டேன். உம்மாவைப் பிள்ளைங்களுக்கு நடுவுல உட்கார வச்சோம். முதல்ல பத்து நிமிஷத்துக்கு ஒரு தடவை எழுந்திரிக்கப் பார்த்தாங்க. "எங்கே?"ன்னா, "சும்மா"ன்னாங்க. அப்புறம் உட்கார்ந்துட்டாங்க. துபாய்லேர்ந்து மருமகன் சிரிப்பு வந்தப்ப, "அவருக்கு ஏன் இவ்வளவு பிந்திப் புரியுது?"ன்னு கேட்டாங்க. எல்லாரும் சிரிச்சோம். அந்தச் சிரிப்பு அங்க போய்ச் சேர்ந்து, அவர் என்னன்னு கேட்டு, மறுபடியும் ஒரு சுத்து.

தீவுச்செவிலி | ஜூன் 4, இரவு 9.50

இன்னைக்குப் புதன், தடுப்பூசி முடிச்சு வர நேரமாயிடுச்சு. ஒவ்வொருத்தருக்கும் தனித்தனியா எழுத ஆசை, முடிஞ்சதை எழுதுறேன்.

தொண்டி அம்மா, உங்க பதிவைப் படிச்சிட்டு அலமாரி மேல இருந்த சின்ன ரேடியோவைத் துடைச்சு அடுப்படி ஜன்னல்ல வச்சேன். இதுவரைக்கும் கடல் ஓசையை மாமியார் போன்லதான் கேட்டோம், அது அவங்க கையோட போயிடும். ராத்திரி காத்து தோதா இருந்தா இலங்கை எஃப்.எம். இன்னைக்கும் நல்லாக் கேட்குது. தனுஷ்கோடிப் பக்கம் வேலைக்குப் போனா என் போனே இலங்கைக்கு வந்துட்டதா நினைச்சுக்கிட்டு வரவேற்புச் செய்தி அனுப்பும். தலைமன்னார் அங்கேர்ந்து முப்பது கிலோமீட்டருக்குள்ளதான்.

பாசிக்காரி தங்கச்சி, நீ கேட்டது சரியான கேள்வி. ரெண்டு நாள் யோசிச்சேன். எனக்கு ரெண்டும் வேணும். தூக்கமும் வேணும், அந்தத் துணி மடிக்கிற காட்சியும் வேணும். உங்க அம்மாவுக்கு வல்லம் இருந்த மாதிரி எனக்கு ஒரு இடம் இருக்கான்னு பார்த்தேன். இருக்கு. கைக்குழந்தைக்காரிங்க ஊசி போட வந்து வரிசையில உட்கார்ந்திருக்கிற அந்தத் திண்ணை. ஆறாவது வாரம், பத்தாவது வாரம், பதினாலாவது வாரம்னு மூணு தடவை வர்றதுக்குள்ள அவங்க ஒருத்தருக்கொருத்தர் சினேகிதம் ஆயிடுறாங்க. போன வாரம் அவங்ககிட்ட இதே கேள்வியைக் கேட்டேன். ஒரு பொண்ணு, "பிள்ளை பால் குடிக்கிறப்ப பார்ப்பேன் அக்கா, அப்பத்தான் யாரும் எழுந்திரின்னு சொல்ல மாட்டாங்க"ன்னுச்சு. அதை எழுதி வச்சுக்கிட்டேன்.

பெரியவ விஷயம் நீ சொன்னது நெஞ்சுல குத்துச்சு. ஏன்னா அது ஏற்கெனவே நடந்துடுச்சு. மே 25 அன்னைக்கு அவருக்கு எஞ்சின் வேலை, பட்டறைக்குப் போயிட்டார். நான் கேட்காமலேயே பெரியவ அடுப்படிக்குப் போய் அரிசி களைஞ்சா. "நீ உட்காரும்மா, உன் ஞாயித்துக்கிழமை"ன்னா. நான் நல்ல பிள்ளைன்னு சந்தோஷப்பட்டு உட்கார்ந்துட்டேன். அவ அன்னைக்குப் படத்தைச் சுவருக்கு அந்தப் பக்கம் இருந்து கேட்டிருக்கா. அதை நான் கவனிக்கலை. இதை முதல் பதிவுல எழுதாததுக்குக் காரணம், எனக்கே அது ஒரு விஷயமாத் தெரியலை.

அவர்கிட்ட சொன்னேன். சின்னவனையும் வச்சுக்கிட்டுப் பேசினோம். கடல் தொடங்கினா சனி, திங்கள், புதன்தான் விசைப்படகுக்குக் கடலுக்குப் போக டோக்கன். ஞாயித்துக்கிழமை காலையில வந்து மீனைப் போட்டுட்டு அவர் தூங்கத்தான் செய்யணும், அதுல நான் கை வைக்க மாட்டேன். வெள்ளிக்கிழமை சாயங்காலம் கரையில இருப்பார். அது அவர் சட்டி. வெங்காயமும் பூண்டும் உரிக்கிறது சின்னவன். பெரியவளுக்கு அன்னைக்கு அடுப்படியில வேலை இல்லை. மாமியார், "எனக்கு?"ன்னு கேட்டாங்க. "நீங்களும் உட்காருங்க அத்தை"ன்னேன். சும்மா உட்கார்ந்தா கால் வலிக்கும்னாங்க, பல்லாங்குழியை மடியில வச்சுக்கிறேன்னு ஒத்துக்கிட்டாங்க.

மே மாசத்துல பிடிச்சதுல ஒண்ணை விட்டுட்டேன். புதுப் பாலத்துல ரயில் பயணம். 2022 டிசம்பர்ல பழைய பாலத்துல ரயில் நின்னதுலேர்ந்து தீவுக்கு ரயிலே இல்லை. 2025 ஏப்ரல் 6-ல புதுப் பாலம் திறந்தாங்க. பிள்ளைங்களைக் கூட்டிக்கிட்டு ராமேஸ்வரத்துல ஏறி மண்டபத்துல இறங்கினோம், அவ்வளவுதான் பயணம். பக்கத்துலயே 1914-ல கட்டின பழைய பாலம் நின்னுச்சு. அதுல கப்பல் வந்தா ரெண்டு பக்கமும் ஆளுங்க நின்னு கையால சுத்தித்தான் திறப்பாங்க. புதுசுல நடுத்துண்டு 72.5 மீட்டர், லிஃப்ட் மாதிரி அப்படியே நேரா மேல போகுது. சின்னவனுக்கு அப்பா படகு எந்த இடத்துல நுழையும்னு காட்டினேன். பெரியவ ஒண்ணும் பேசலை, ஜன்னல்லேயே முகத்தை வச்சிருந்தா. எங்க மூணு பேருக்கும் யாரும் எழுந்திரிக்காம உட்கார்ந்திருந்த இருபது நிமிஷம் அது.

மண்டபம் டிரைவர் | ஜூன் 9, இரவு 8.00

டிவியைத் திருப்பலை. நேத்து ஞாயித்துக்கிழமை நான் குழம்பு வச்சேன், படகுல வைக்கிற மாதிரியே, சூடை மீன்ல. வீட்டம்மா சாப்பிட்டுட்டு, "இதையா பதினெட்டு வருஷமா கடல்ல தின்னீங்க?"ன்னா. நல்லா இருக்குங்கிறாளா, இல்லைங்கிறாளான்னு தெரியாம கேட்டேன். இன்னும் ரெண்டு கரண்டி போட்டுக்கிட்டா.

முகவை வாத்தியார் | ஜூன் 10, இரவு 9.15

தங்கை சொன்னபடி செய்தேன். சனிக்கிழமை மாலை நான் சாம்பார் வைத்தேன், மனைவி முக்காலியில் அமர்ந்து வாசித்தார். நான் பலமுறை வாசித்துக் காட்டிய அதே கதைதான். நான் வேகமாகத் தாண்டிப்போன ஒரு பத்தியில் அவர் நிறுத்தி, திரும்பவும் முதலிலிருந்து வாசித்தார். "இந்த இடத்தில் நீங்கள் எப்போதும் ஓடிவிடுகிறீர்கள், எனக்குத் தாளிப்புச் சத்தத்தில் கேட்காமலே போய்விடும்" என்றார். எத்தனை கதைகளை அவருக்கு அரைகுறையாக வாசித்திருக்கிறேன் என்று அவரிடமே கேட்டேன். ஒவ்வொன்றாகச் சொன்னார். அந்த இடங்களையெல்லாம் இந்த மாதம் அவரே வாசிக்கப் போகிறார்.

பாசிக்காரி மகள் | ஜூன் 10, இரவு 9.40

நன்றி சார். டீச்சருக்கும் சொல்லுங்க.

பௌர்ணமி வந்தாச்சு. பாசிக்கு இப்ப போறதில்லைன்னாலும் அம்மாவுக்கு உடம்பு அந்தக் கணக்குலதான் இருக்கு, விடியக்காலையில முழிச்சிடுவாங்க. நானும் கூட எழுந்து கடற்கரையில போய் உட்கார்ந்தேன். ஒரு பாட்டு பாடச் சொன்னேன், போன்ல பதிஞ்சு வச்சிருக்கேன். இங்க போட மாட்டேன். அது வல்லத்துல இருந்தவங்களோடது.

தீவுச்செவிலி | ஜூன் 13, இரவு 11.30

இன்னைக்கு முதல் வெள்ளிக்கிழமை.

நாளை நள்ளிரவோட தடை முடியுது. திங்கக்கிழமை டோக்கன். பகல் முழுக்க ஜெட்டியில வலை ஏத்துறதும் டீசல் பிடிக்கிறதும்தான். ஐஸ் நாளை மறுநாள் ஏத்துவாங்க. இவ்வளவு வேலைக்கு நடுவுல ஆறரை மணிக்கு வந்து கை கால் கழுவிட்டு அடுப்படிக்குப் போனார். இன்னைக்குப் பருப்பும் முட்டையும். சின்னவன் பூண்டு உரிச்சு உரிச்சு கையை மோந்து பார்த்துக்கிட்டே இருந்தான்.

பெரியவ தேர்ந்தெடுத்த படம். நானும் அவளும் சுவர்ல சாய்ஞ்சு உட்கார்ந்தோம், அத்தை பக்கத்துல சோழியோட. பாதியில நான் தூங்கிட்டேன். எப்பத் தூங்கினேன்னு தெரியலை. முழிச்சுப் பார்த்தா ஹால்ல விளக்கு இல்லை, தலைக்குக் கீழ தலையணை இருக்கு, டிவியில படம் ஓடுது, சத்தமே இல்லை. பெரியவ அப்படியே சத்தத்தை நிறுத்திட்டு மீதிப் படத்தை வாய் அசைவை வச்சே பார்த்துக்கிட்டு இருக்கா. சின்னவன் எதையோ அவ காதுல கேட்டான், அவ உதட்டுல விரல் வச்சா.

நான் முழிச்சிட்டேன்னு காட்டிக்கலை. கொஞ்ச நேரம் கண்ணைப் பாதி திறந்து அவங்க ரெண்டு பேரையும் பார்த்துக்கிட்டே படுத்திருந்தேன்.

பிக்மி பதிவு இன்னும் நாலு பேருக்கு ஏத்தணும். படத்தோட முடிவைச் சின்னவன் சொல்ல வந்தான், வேண்டாம்னுட்டேன். அடுத்த வெள்ளிக்கிழமை மிச்சத்தைப் பார்க்கிறேன்.